முப்பத்திரண்டு மதிப்பெண் உபரி

லிக் க்ரீக் மாவட்டப் பள்ளி வாரியத்தில் பேருந்துக் கண்காணிப்பாளர் பதவி காலியானது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் கல்வித் தகுதிக்கு ஒரே வரிதான்: உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் அல்லது அதற்குச் சமமானது.

ஓபல் ஸ்டம்போவிடம் சமமானது இருந்தது. பத்தொன்பது வருஷமாக ஏழாம் எண் மஞ்சள் பேருந்தை ஓட்டுகிறவள். பதினாறு வயதில் பள்ளியை விட்டவள், ஐம்பத்திரண்டில் நூலக மாடியில் பெரியவர்களுக்காக ஆசிரியை பெர்னிஸ் நடத்திய வகுப்பில் போய் உட்கார்ந்து, பின்னமும் இயற்கணிதமும் கற்று, பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வை எழுதினாள். அந்தத் தேர்வில் மதிப்பெண் நூறில் தொடங்கி இருநூறில் முடியும். பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்தாலும் நூறு உண்டு. யார் மனமும் புண்படக் கூடாது என்ற நல்லெண்ணம். நூற்று நாற்பத்தைந்து வந்தால் தேர்ச்சி. ஓபல் வாங்கியது நூற்று எழுபத்தொன்று.

அவளுக்கு அந்தப் பதவி தேவைப்பட்டது. இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. இன்னொரு குளிர்காலம் மலைப்பாதையில் க்ளட்ச் மிதித்தால் அப்புறம் மிதிக்கக் கால் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்காணிப்பாளருக்கு நாற்காலி உண்டு.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டவன் பணியாளர் அலுவலர் டுவேன். ஏழாம் எண் பேருந்தில் நான்கு வருஷம் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியபடி உயர்நிலைப் பள்ளிக்குப் போனவன். ஊர் வழக்கப்படி அவனும் அவளை மிஸ் ஓபல் என்றே அழைத்தான்.

"சமமானதுன்னா எதுக்குச் சமம்னு பாக்கணும்ல, மிஸ் ஓபல்? உங்க தாள்ல நூத்தி எழுபத்தொண்ணுன்னு இருக்கு. எங்க சான்றிதழ்ல மார்க்கே கிடையாது. ரெண்டையும் எப்படிப் பக்கத்துல வச்சுப் பாக்கறது?"

பக்கத்தில் வைத்துப் பார்க்க மூவர் குழு அமைந்தது. குழு இரண்டு முறை கூடி, பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டு, ஓர் அறிவியல் முறையைக் கண்டது. அசல் சான்றிதழ் வைத்திருப்பவர்களை அதே தேர்வை எழுதச் சொல்வது. அவர்கள் வாங்குவது எதுவோ அதுதான் சான்றிதழின் மதிப்பு. மான் வேட்டை தொடங்கும் நாளில் அலுவலகத்துக்கு வெளியார் யாரும் வர மாட்டார்கள் என்பதால், வாரிய ஊழியர்கள் பதினான்கு பேரும் அன்றைக்கே எழுதினார்கள்.

ஒன்பது பேர் தேறவில்லை. சராசரி நூற்று முப்பத்தொன்பது. டுவேன் வாங்கியதும் மிகச் சரியாக நூற்று முப்பத்தொன்பது. இதை அவன் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டான்.

குழுவின் அறிக்கை இப்படி முடிந்தது: "மேற்படி பதினால்வரும் முறையாகப் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெற்றவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆகவே சான்றிதழின் மதிப்பு நூற்று முப்பத்தொன்பது எனத் தீர்மானிக்கப்படுகிறது. விண்ணப்பதாரரின் மதிப்பெண் அதற்குச் சமமாக இல்லை. முப்பத்திரண்டு உபரியாக உள்ளது."

"அதிகமா வாங்கினது தப்பா?" என்றாள் ஓபல்.

"தப்புன்னு யாரும் சொல்லல. சமம் இல்லைங்கறோம். 'சமமானது அல்லது கூடுதல்'னு நோட்டீஸ்ல இருந்திருந்தா முதல் கையெழுத்து நான் போட்டிருப்பேன்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"மறுபடி எழுதுங்க. நூத்தி முப்பத்தொம்போது வாங்கிட்டு வாங்க."

"அது ஃபெயில் மார்க், டுவேன்."

டுவேன் யோசித்தான். "தேர்வு நடத்தறவங்களுக்கு அது ஃபெயில், மிஸ் ஓபல். எங்களுக்கு அதுதான் பள்ளி இறுதி."

மறுதேர்வுப் படிவத்தில், ஏன் எழுதுகிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள. ஓபல் அதில் குறியிட்டாள்.

பெர்னிஸுக்கு இது புதிய பாடம். ஊரில் பாதிப் பேரின் மார்க்கை ஏற்றிவிட்டிருக்கிறேன், இறக்கிப் பழக்கமில்லை என்று முதலில் கையை விரித்தாள். பிறகு ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்து ஓபலைக் கூப்பிட்டாள்.

"சும்மா தப்பா எழுதினா ஆகாது. கொஞ்சம் கூடிப்போனா பாஸ் ஆயிடுவ, குறைஞ்சாலும் வேலை போச்சு. கணக்கா இத்தனை தப்புதான்னு எழுதணும்னா எல்லாத்துக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். போன தடவையைவிட நல்லாப் படி."

தப்புகளும் இயல்பானவையாக, முறையாகப் பள்ளி முடித்தவர் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும். அதற்காக ஓபல் ஆறு வாரம் மதிய வேளையில் டுவேனிடம் போய், இந்தக் கேள்விக்கு நீ என்ன எழுதுவாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவன் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தான். பின்னங்களைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் சேர்த்துவிட்டால் போதும் என்றான்.

ஓபல் நூற்று முப்பத்தொன்பது வாங்கினாள். அதே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. தேர்வு நிலையம், மனம் தளராமல் மீண்டும் முயலுங்கள் என்றது. வாரியம், விடாமுயற்சியால் தகுதியை எட்டியதற்குப் பாராட்டியது. பெர்னிஸ் இரண்டையும் வாசித்துவிட்டு அழுதாள். எந்தக் கடிதத்துக்காக என்று ஓபல் கேட்கவில்லை.

ஆகஸ்டில் நாற்காலி கிடைத்தது. முதல் வேலையாக, பதினொரு வழித்தடங்களுக்கும் தூரம், வளைவு, ஏற்றம், நிறுத்தம் எல்லாம் கணக்கிட்டு நேர அட்டவணை போட்டாள். முதல் வாரம் பதினொரு பேருந்தும் குறித்த நிமிஷத்தில் வந்து நின்றன. இதற்கு முன் லிக் க்ரீக்கில் அப்படி நடந்ததில்லை. இரண்டாம் வாரம் டுவேன் வந்து கதவைச் சாத்தினான்.

மேலிடத்தில் சந்தேகப்படுகிறார்கள் என்றான். நூற்று முப்பத்தொன்பது வாங்கியவர் போட்ட அட்டவணையாக இது தெரியவில்லையாம். உபரியை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று யாராவது எழுதிப் போட்டால் நியமனமே செல்லாது.

ஓபல் இடுப்புக்கு முட்டுக்கொடுத்திருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "எப்படிப் போடணுங்கற?"

"எங்களை மாதிரி."

அவள் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டினாள். வாரியம் புதிய அட்டவணையை ஒருமனதாக ஏற்றது.

ஜனவரியில் ஏழாம் எண் பேருந்துக்காகப் பிள்ளைகள் தினமும் இருபது நிமிஷம் பனியில் நின்றார்கள். ஒரு தாய் தொலைபேசியில் வந்தாள். என் மகளுக்குக் காது மடல் நீலம் பாரித்துவிட்டது என்றாள்.

"யாரு போட்டது இந்தக் கணக்கை? பள்ளிக்கூடமே முடிக்காத ஆளா?"

ஓபல் அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். "இல்லம்மா. முடிச்சவங்க கணக்குதான். வாரியமே ஒருமனதா ஒத்துக்கிட்ட கணக்கு."

"ஓ. அப்ப எங்க வீட்டுக் கடிகாரம்தான் முந்தி ஓடுது போல," என்று சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் தொலைபேசியை வைத்தாள்.