மீன் தலைக்கு ஒரு கேட் பாஸ்

எங்கள் ஏரியாவில் வேலைக்குக் கிளம்பும் யாரையும் பாருங்கள், ஒரு கையில் டிபன் பை இருக்கும், மறு கையில் குப்பை இருக்கும். படப்பையில் புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள் நாங்கள். குப்பை வண்டி ஒன்பது மணிக்கு வரும். நாங்களோ விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறிவிடுவோம். அதனால் போகிற வழியில் காலி மனை ஒன்றில் கவரை வீசிவிட்டுப் போவது வழக்கம். (அடுத்த வீட்டுக்காரர் வீசினால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.)

அன்று திங்கட்கிழமை. பயிற்சி முடிந்த என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் முடிவு செய்யும் நாள். என் கையில், முந்தின நாள் கணவர் ஆசையாக வாங்கி வந்த மீனின் தலையும் குடலும். காலி மனையில் அதன் சொந்தக்காரர் நாற்காலி போட்டு, மடியில் கம்போடு உட்கார்ந்திருந்தார்.

"போட்டுத்தான் பாரேன்" என்றார்.

பஸ் வந்துவிட்டது. கவரோடு ஏறிவிட்டேன். ஏசி பஸ், ஜன்னல் திறக்காது. ஒரகடம் வரை என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன், "இன்னா மேடம் கவர்ல?" என்றார்.

"சாப்பாடு."

மோந்து பார்த்தார். "மீன் கொழம்பா? ஜமாய்ங்க."

உள்ளே கேன்டீன் குப்பைத் தொட்டியில் நைசாகப் போடப் போனேன். பாத்திரம் கழுவும் அக்கா பிடித்துவிட்டார்.

"இன்னிக்கு இங்க சாம்பார் சாதம்மா. சாம்பார்ல ஏது தலை?"

திரும்பவும் கேட்டுக்கே ஓடினேன்.

"வெளிய எத எடுத்துக்கினு போனாலும் மேனேஜர் கையெழுத்து போட்ட கேட் பாஸ் வேணும்" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"அண்ணா, இது குப்பை!"

"அப்போ சாப்பாடுன்னீங்களே? சரி, திரும்ப வர்ற பொருளா, வராத பொருளா? அதையும் எழுதணும்."

"சத்தியமா வராதுண்ணா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் தலைவிதியை எழுத வேண்டிய அதே மேனேஜர், 'மீன் தலை, குடல் – ஒரு கவர்' என்பதை இரண்டு முறை படித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"கண்ட எடத்துல வீசாம இவ்ளோ நேரம் கைலயே வெச்சிருந்தியேம்மா" என்று நெகிழ்ந்தார். ஆளில்லாத மூலை கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

வேலை நிரந்தரமானது. கம்பெனிக் குப்பை மொத்தத்தையும் பிரித்து அனுப்பும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இன்றுவரை அதுதான் என் வேலை.

சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு நான் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் கணவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"திரும்ப வர்ற பொருளா, வராத பொருளா?"

பாழாய்ப்போன சிரிப்பு வந்து தொலைக்கும். பெட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.