முட்டி போட ஆள் தேவை

கைதூக்கி விடுகிறவர் என்று ஒரு ரக மனிதர் உண்டு. ஓசூரில் நட்டு போல்ட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் உற்பத்தியாவது இவர்கள்தான். காசு உண்டு, மனசும் உண்டு. ஒரே நிபந்தனை, எதிராளி கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால்? குனியச் சொல்வார்கள்.

நம்ம திருமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறை முதலாளி, சேவைச் சங்கத் தலைவர். கொத்தடிமை ஒழிப்பு தினத்துக்கு அரசுப் பள்ளிச் சுவரில் படம் போட, டிராயிங் டீச்சர் பிரவீனாவிடம் ஒரு மாதிரியை நீட்டினார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சீமைப் படம். அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கிளம்பிய நல்லவர்கள் பரப்பியது. ஆப்பிரிக்கர் ஒருவர் விலங்கு மாட்டிய கைகளைக் கூப்பி, முட்டி போட்டு, மேலே பார்க்கிறார். அந்த ஜனங்களில் தப்பி ஓடியவர்கள் உண்டு, திருப்பி அடித்தவர்கள் உண்டு, தங்கள் கதையைத் தாங்களே எழுதி அச்சிட்டவர்கள் உண்டு. நல்லவர்களின் படங்களில் மட்டும் பெரும்பாலும் முட்டிதான் போட்டார்கள். திருமலைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் விலங்கை உடைப்பவராகத் தாம் நிற்பதாக ஏற்பாடு.

முட்டி போடச் சென்னப்பனைக் கூப்பிட்டார். குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு கல்குவாரியில் கொத்தடிமையாகக் கிடந்து, தானே மனு எழுதி வெளியே வந்து, கூடவே ஏழு குடும்பங்களையும் மீட்டவர்.

"கலெக்டர் ஆபீஸ்லயே நான் முட்டி போடல சார், நின்னுதான் மனு குடுத்தேன்," என்றார் சென்னப்பன். "எம் பொண்ணு காவியா இந்த ஸ்கூலுதான். தெனம் இந்தச் செவுத்தத் தாண்டித்தான் கிளாசுக்குப் போவும்."

"நின்னா பாவம்னு எப்படிப்பா தோணும்?" திருமலை நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பிரவீனா காத்திருக்கவில்லை, சென்னப்பனை நின்ற கோலத்திலேயே வரைந்து முடித்தார். சரி, முட்டி போட வேறு ஆள்? வாட்ச்மேனுக்கு மூட்டு வலி. பிளம்பர் கன்னடத்தில் "ஆகல்லா சார்" என்று நடையைக் கட்டினார். கேன்டீன்காரரோ, மாலை போடுவதாக இருந்தால் யோசிக்கலாம் என்றார். விழாவுக்கு முந்தின நாள் மாலை, வேறு வழியில்லாமல் திருமலையே முட்டி போட்டார். போஸை மட்டும் பார்த்துப் போடுங்கள், முகத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று உத்தரவு. பிரவீனா கண்ணில் பட்டதைப் போட்டார், முகம் உட்பட. மாற்றத்தான் நேரம் வரவில்லை.

காலையில் திரை விலகியது. சென்னப்பன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில் விலங்கோடு கைகூப்பி, லேத் பட்டறை முதலாளி. காவியா தோழிகளை இழுத்து வந்து இரண்டு தடவை காட்டினாள். என்ன பணிவு, என்ன பணிவு என்று சிறப்பு விருந்தினர் உருகிப்போனார். திருமலை சும்மா இருப்பாரா? மைக்கைப் பிடித்து, எல்லாம் தம்முடைய யோசனைதான் என்று அரை மணி நேரம் பணிவோடு பேசினார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் மனசுக்குள் வந்த சென்னப்பனுக்கு மேல்சட்டை இருந்ததா? உடுப்பைப் பற்றி நான் மூச்சே விடவில்லையே. மனுஷர் ஷிப்டு முடித்து, ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் யூனிஃபார்மில், பூட்ஸோடு வந்திருந்தார்.