காலர் பட்டன்

மனைவி ராத்கா தனக்குச் சட்டை தைக்கிறாள் என்று தெரிந்ததும் பென்ச்சோ உஷாரானான். அதுவும் முழுக்கை, காலர் வைத்த சட்டை.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் காரணமில்லாமல் ஊசியில் நூல் கோத்ததே கிடையாது. ஒரு தடவை காலுறை பின்னிக் கொடுத்தாள். பதிலுக்கு அவன் மாமியார் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றப் போனான். இன்னொரு தடவை ஸ்வெட்டர். மச்சான் வந்து மூன்று மாதம் தங்கினான். காலுறைக்கே கூரை என்றால் முழுக்கைச் சட்டைக்கு எதைக் கேட்பாள்?

"எதுக்கு இது?"

"உங்களுக்குத்தான்."

"எனக்குன்னு தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"போட்டுக்கத்தான். சட்டையை வேற என்ன பண்ணுவாங்க? கையைத் தூக்குங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தால் ஊரார் சந்தோஷப்படுவார்கள். பென்ச்சோ, பாலில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பான்.

யோசிக்க நிலவறைக்கு இறங்கினான். ஒரு பீப்பாய் பிளம்ஸ் சாராயம், இரண்டு முக்காலி, ஒரு பகடைப் பலகை. அந்த வீட்டில் அவன் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் அதுதான். எதைக் கேட்டாலும் கேட்கட்டும், இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்கவும் மாட்டாள், முழங்கால் வலி என்று அந்தப் படியில் அவள் கால் வைத்தே ஆறு வருஷம்.

பக்கத்து வீட்டுக் கோலியோ முன்னமே வந்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குக் கைப்பட்டி வெச்சுட்டாய்யா. கைக்கு ரெண்டு பட்டன்."

"ரெண்டா? அப்ப விஷயம் பெருசுதான். எதைக் கேட்டாலும் 'முடியாது'ன்னு ஒரே வார்த்தையா சொல்லிடு. ரெண்டாவது வார்த்தை பேசினே, தொலைஞ்சே."

சொல்லிவிட்டு, வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடந்தான். கால் மரத்துப்போச்சாம்.

பென்ச்சோ சவரம் பண்ணும்போதெல்லாம் 'முடியாது' சொல்லிப் பழகினான். சனிக்கிழமை சட்டை தயார். போட்டுப் பார்த்தால் கச்சிதம். கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"காலர் பட்டன் மட்டும் பாக்கி. கழட்ட வேண்டாம், அப்படியே தைச்சிடறேன். நூலைக் கடிங்க."

ஆள் மேலேயே வைத்துத் தைத்தால், அவன் ஒரு துண்டு நூலைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் புத்தியையும் சேர்த்துத் தைத்ததாகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. த்ரோயான் பட்டணத்தில் படித்தவன்கூட இதில் விளையாட மாட்டான். பென்ச்சோ கடித்தான். ஊசி தொண்டைக்குழிக்கு நேரே வந்து நின்றது.

"சமையல் மேசையில குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சுங்க. தையல் மிஷினை நிலவறையில போட்டுக்கறேன். பீப்பாய் கோழிக்கூண்டுப் பக்கம் இருக்கட்டும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"ம்ம்ம்."

"வாயைத் திறக்காதீங்க, புத்தி போயிடும். தலையையும் ஆட்டாதீங்க, ஊசி."

ஒரு பட்டனுக்கு இத்தனை சுற்று நூலை அவன் பார்த்ததே இல்லை.

"அப்ப சரிங்கறீங்க," என்று அவள் நூலை அறுத்தாள்.

வெளியே கடகடவென்று சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கோலியோ பீப்பாயை உருட்டிக்கொண்டு போனான்.

பென்ச்சோ நூலைத் துப்பினான். "முடியாது."

"எது முடியாது? மிஷின் காலையிலயே இறங்கிடுச்சு. அவர்தான் இறக்கினார்."

"உன் முழங்கால்?"

"அது எப்பவோ சரியாயிடுச்சு."

"அந்தத் துரோகிக்கு என்ன குடுத்தே?"

"ஒரு சட்டை. அவருக்குக் கைக்கு ஒரு பட்டன்தான், போதுமா?"

பென்ச்சோ தன் கைப்பட்டியைப் பார்த்துக்கொண்டான். கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.