மொட்டைமாடியில் விழுந்த ரோஸ் பிஸ்கட்

பிப்ரவரி பதின்மூன்று, மாலை ஐந்து நாற்பது. வானத்தில் மேகம் இரண்டு. சுமாரான கடற்காற்று. அந்தக் காற்றில் வெண்ணெய் கருகும் வாசனை வந்தது. கோவில்பத்தில் எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு வீடு; அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் காபி வாசனைதான் வர வேண்டும். எட்டிப் பார்த்தேன். அடுத்த வீடு. ஐஸ்பெட்டியின் வீடு.

காரைக்காலிலேயே ரகசியம் பேச முடியாத ஒரே மனிதர் ஐஸ்பெட்டிதான். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருடம் ஐஸ் உடைக்கும் மெஷினை ஒட்டி நின்றவர். காது பாதி போய், குரல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அவர் ஒருவர் காதோடு சொன்ன விஷயத்துக்குத் தெருமுனையிலிருந்து பால்காரர் பதில் சொல்லியிருக்கிறார்.

எதையும் விரலால் தட்டிப் பார்க்காமல் நம்பவும் மாட்டார். தர்பூசணியைத் தட்டுவார். கேஸ் சிலிண்டரைத் தட்டுவார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டரின் மேசையைத் தட்டிவிட்டு, "உள்ள விரிசல் விட்டிருக்கு" என்றார். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "முப்பத்தஞ்சு வருஷமா ஐஸ்கட்டியக் கட்டிப்புடிச்சது போதாதா சார்?" என்பார்.

சார் என்றுதான் என்னை அழைப்பார். போன தீபாவளியிலிருந்து திடீரென்று அண்ணே என்று ஆரம்பித்தார். காரணமில்லாமல் அழைப்பு மாறினால் யாருக்கும் சந்தேகம் வரும். கருவூலத்தில் வேலை பார்த்தவனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வரும்.

கொல்லையில் ஒரு பெரிய அலுமினியக் குண்டானை அடுப்பேற்றியிருந்தார். அடியில் மணல், மேலே மூடி, மூடி மேல் அம்மிக் குழவி. உள்ளே பிஸ்கட் வெந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் மேலே பூசுவதற்கு ரோஸ் நிறத்தில் சர்க்கரைக் குழம்பு. ஏதோ தகரத்தை வளைத்து இதய வடிவில் அச்சும் செய்திருந்தார். அதன் நுனி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டதில் வந்ததெல்லாம் மாம்பழம்.

"மாங்கா மாதிரி வந்துடுச்சுண்ணே. சரி போவுதுன்னு பச்சை கலர்ல ஒரு எலையும் போட்டுட்டேன்."

யாருக்கு என்று கேட்டேன். சும்மா என்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஃபோனில் யாரிடமோ ரகசியமாகச் சொன்னார்: "நாளைக்குக் காதலர் தினம்ல, அதுக்குத்தான். அவங்ககிட்ட இன்னும் சொல்லல." பஸ்ஸில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவங்க என்றால் யார்? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினோரு வீட்டில் ஒன்று அவருடையது. ஒன்று பூட்டிக் கிடக்கிறது. எட்டு வீட்டில் கணவன்மார் குத்துக்கல்லாக இருக்கிறார்கள். மிச்சம் ஒன்று. அது என் வீடு.

என் வீட்டில் இருப்பது என் தங்கை வசந்தா. அவள் கணவர் இறந்து ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறாள். என் மனைவி அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். வசந்தாவும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் கடிகாரமும்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "உப்பு கூடவாண்ணே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வாசல் கேட்டை அடைத்து நாற்காலி போட்டேன். என்னைத் தாண்டி ஒரு பிஸ்கட் உள்ளே போகட்டும், பார்க்கலாம். வந்த ஒவ்வொரு பையையும் நோட்டம் விட்டேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மா கூடையை இறக்காமலே சிரித்தாள். "நீங்க இங்க காவல் இருந்து என்னா சார் செய்ய? மேல பாருங்க."

பார்த்தேன். ஐஸ்பெட்டி அவர் மொட்டைமாடியில் நின்று பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டிருந்தார். எங்கள் மாடியில் வசந்தா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பதும் அதை ஏந்திப் பிடிப்பதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூச்சு வாங்க மாடி ஏறினேன். ஐந்து பிஸ்கட்டைப் பிடித்துவிட்டாள். ஆறாவது என் காலடியில் விழுந்தது. உடையவில்லை. சாட்சிப் பொருளாயிற்றே என்று எடுத்துக் கடித்தேன். என் கடைவாய்ப் பல் உடைந்தது.

"என்ன இதெல்லாம்?" என்றேன், தாடையைப் பிடித்துக்கொண்டு.

"எறிஞ்சா புடிக்காம எப்புடிண்ணே?"

"மாங்கனிக்குத்தான் எறிவாங்க. இது என்ன ஆனி மாசமா?"

வசந்தா பிஸ்கட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எனக்கு அம்பத்தெட்டு ஆவுது. ஆனி வரைக்கும் காத்திருக்கச் சொல்றீங்களா?"

கணக்கில் பிழை இல்லை. "அப்ப நான்?" என்றேன். அதைக் கேட்க நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் என்னைக் கையால் காட்டி எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிர் மாடியிலிருந்து ஐஸ்பெட்டி அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்:

"அவருக்கும் சேத்து நானே ஆக்கிப் போடுறேன்னு சொல்லு வசந்தா."

தெருவில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். மீன்காரம்மாவும் அதில் உண்டு.

வைகாசியில் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. வெளியே வந்ததும் ஐஸ்பெட்டி என் முதுகில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "உள்ள விரிசல் எதுவும் இல்ல மச்சான்" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மதிலை இடித்து ஒரு கேட் போட்டேன். தெருவைச் சுற்றி வந்தால் காபி ஆறிவிடுகிறது. கேட்டுக்குப் பூட்டு வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். பல் கட்டியதையும் சேர்த்து மொத்தச் செலவு, பதினாலாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.