ரிமார்க்ஸ்: கேட்டு முடிக்கவில்லை

பதினான்கு வருடமாக மும்பை கிளப்களில் டிஜேயாக இருக்கிறேன். "ஒரு பொண்ணா இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடிச்சீங்க?" என்று யாராவது கேட்டால், உழைப்பு, விடாமுயற்சி என்று கம்பீரமாக முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன். முழுப் பொய். என்னைக் காப்பாற்றியது செம்பூர் வீட்டில் இருந்த ஒரு நீள ரெஜிஸ்டர்.

அப்பா அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் குடைக்குக்கூட நம்பர் உண்டு. (மழையில் கிளம்பினால், "மூணாம் நம்பரை எடுத்துண்டு போ" என்பார்.) நான் இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு டிஜே ஆகப்போகிறேன் என்றதும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு, "ஒரு இடத்துலயாவது உன்னை நிரந்தரமா எடுத்துக்கறாளா பாப்போம். இல்லேன்னா திரும்ப ஆபீஸ்தான்" என்று உத்தரவு போட்டார்.

அந்த ஒரு இடம் வாஷியில் கிடைத்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம். சரியாக அமைந்தால் எல்லா ஞாயிறும் எனக்கு. சொதப்பினால் மறுபடி பாலிசி ஃபாரம்.

என் இருநூறு பாட்டுகளும் ஒரு பென் டிரைவில் இருந்தன. முந்தின வாரம், "ஒரு காப்பி எடுத்து வைப்பா" என்று அதை அப்பாவிடம் கொடுத்திருந்தேன். அன்று காலையில் பென் டிரைவோடு ரெஜிஸ்டரையும் நீட்டினார்.

"இதையும் எடுத்துண்டு போ."

"டிஜே யாராவது நோட்டு எடுத்துண்டு போவாளாப்பா?" என்று சிரித்துவிட்டு ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்தேன். (அப்போது எனக்கு எல்லாம் தெரியும். இப்போதுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது.)

கிளப் மேனேஜர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "டிஜே கிதர் ஹை?" என்றார். நான்தான் என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். அப்புறம் மைக்கில் என்னை அறிமுகப்படுத்தி, மைக்கை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பென் டிரைவைச் செருகினேன். திரையில் ஒரு பாட்டுக்கும் பெயர் இல்லை. 001, 002, 003 என்று இருநூறு வரை வெறும் நம்பர்கள். அப்பா என் பாட்டுகளையெல்லாம் ஃபைல் பண்ணிவிட்டார்! பெயர்கள் அத்தனையும் செம்பூரில், அந்த ரெஜிஸ்டரில்.

குருட்டாம்போக்கில் பதினேழைத் தட்டினேன். கடைசியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த மெதுவான பாட்டு அது. ஆட எழுந்தவர்கள் நாற்காலியைத் தேடினார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு பாலிசி ஃபாரம் கண்ணில் தெரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மேஜைமேல் வைத்தேன்.

"அப்பா, ரெஜிஸ்டரைப் பாத்து, ஆடற மாதிரி ஒரு பாட்டு சொல்லு!"

"அதுக்குத்தான் எடுத்துண்டு போன்னேன்."

"அப்பா!"

"இரு. ஒன் ஃபார்ட்டி டூ. ரிமார்க்ஸ்: தகரத்தைத் தட்டும் சத்தம். கேட்டு முடிக்கவில்லை."

போட்டேன். கூட்டம் எழுந்துகொண்டது.

"இன்னொண்ணு. உனக்குப் பிடிக்காததா பாத்து சொல்லு."

"அப்படின்னா எல்லாமே."

ஹால் முழுக்கச் சிரிப்பு. எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"சிக்ஸ்டி த்ரீ. ரிமார்க்ஸ்: பாடுபவருக்கு உடம்பு சரியில்லை. கேட்டு முடிக்கவில்லை."

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அங்கே ஏசி ஜாஸ்தியா இருக்கும். அந்தக் கையில்லாத சட்டை மேல துப்பட்டா போட்டுண்டாளான்னு கேளுங்கோ."

இந்த விசாரணை நாலு பெரிய ஸ்பீக்கரிலும் அதிர்ந்தபோதுதான், மைக் அணைக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. முன் மேஜைத் தமிழர்கள் அப்பாவின் ரிமார்க்ஸை மற்றவர்களுக்கு ஹிந்தியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்து தன் துப்பட்டாவை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள். மானம் மொத்தமும் போயிற்று. மைக்கை அணைக்கக் கையை நீட்டினேன். மேனேஜர் ஓடி வந்தார், கழுத்தைப் பிடித்துத் தள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"பந்த் மத் கரோ!" என்று கத்தினார். அணைத்துவிடாதே என்கிறார்! இரண்டு மணி நேரமும் அப்பா வாசித்தார், நான் போட்டேன், வாஷி ஆடியது.

முடிந்ததும் மேனேஜர், எல்லா ஞாயிறும் எனக்குத்தான் என்றார். கூடவே, "அங்கிள் பி சாஹியே" என்றார். அங்கிளும் வேண்டுமாம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராப்பகலாகப் பழகியது நான், வேலை கிடைத்தது அப்பாவுக்கு. நாலு ஞாயிறு அவர் போனில் இருந்தார். அதற்குள் நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டதால், ஐந்தாவது ஞாயிறு போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். யாரும் எழுந்து போகவில்லை. அன்றைக்குத்தான் நான் டிஜே ஆனேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது நீட்டி முழக்கினால், எதிரில் இருப்பவர் "கேட்டு முடிக்கவில்லை" என்று எழுந்து போய்விடுவார். மராட்டிக்காரரான என் கணவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியமே அதுதான். (பெரும்பாலும் என்மேல்தான் பிரயோகம்.)

போன மாதம் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு அப்பா முதல் தடவையாக நேரில் வந்தார். காதில் பஞ்சு, மடியில் ரெஜிஸ்டர். கடைசிவரை இடத்தைவிட்டு அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். புதிதாக ஒரு வரிசை எண், பக்கத்தில் என் பெயர். ரிமார்க்ஸ்: தகரச் சத்தம்தான். கேட்டு முடித்தேன்.