எண்பத்தெட்டு மேனிக்கு ஏழு விண்ணப்பங்கள்

இக்கதையை முதன்முதலில் சொன்னவர் எங்கள் பள்ளி எழுத்தர் தெரசம்மாள். யாரை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று கேட்கும் துணிவு, முப்பத்தைந்து ஆண்டுகள் பிரம்பு பிடித்த எனக்கும் வரவில்லை.

ஒரு காட்டில் செண்பகவல்லி என்னும் மலையணில் ஆசிரியை ஓய்வு பெற்றாள். பணிக்கொடையாக எழுநூற்றுப் பத்துக் கொட்டைகள் கிடைத்தன. அவள் குடியிருந்த பொந்தோ ஒழுகியது. புதுப் பொந்து குடைய மரங்கொத்தி எண்ணூறு கேட்டது. மழைக்கு மூன்று மாதமே இருந்தது. கொட்டையைப் பெருக்கியாக வேண்டும்.

முதலீட்டு முகவரான முயல், அவளுடைய பழைய மாணவன், ஆலோசனை சொல்ல வந்தது.

"டீச்சர், எல்லாத்தையும் ஒரே இடத்துல போடாதீங்க. பல இடத்துல போட்டா மட்டும் பத்தாது. ஒண்ணு விழுந்தா மத்ததும் சேந்து விழுமான்னு பாக்கணும். ஒரே அளவு ஆபத்துக்கு எது அதிகம் தருதோ, அந்தக் கலவைதான் நல்ல கலவை."

"முதலில் காதை நேராக வை. பிறகு எனக்குப் பாடம் நடத்தலாம்."

தொழில் நடத்த வட்டிக்குக் கொட்டை வேண்டுவோர் கைப்பட விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டினாள். எட்டு விண்ணப்பங்கள் வந்தன. சிவப்பு மையுடன் அமர்ந்தாள். ஓரம் விட்டமைக்கு இருபது. அடித்தல் திருத்தல் இன்மைக்கு முப்பது. எழுத்தழகுக்கு ஐம்பது. இலாப நட்டத்துக்கு மதிப்பெண் இல்லை. அது அவளுடைய பாடத்திட்டத்தில் இல்லை.

தேன் பண்ணை, காளான் கிடங்கு, எண்ணெய்ச் செக்கு என ஏழு நிறுவனங்கள் ஆளுக்கு எண்பத்தெட்டு மதிப்பெண் மேனிக்குப் பெற்றன. தலைக்கு நூறு கொட்டை ஒதுக்கினாள்.

முயல் எட்டிப் பார்த்தது. "ஏழும் ஒரே கையெழுத்தா இருக்கே, டீச்சர்?"

"என்னிடம் பயின்ற எல்லோருக்கும் ஒரே கையெழுத்துதான். அதுவே என் பெருமை."

எட்டாவது, முள்ளம்பன்றியின் கிழங்குக் கடை. தாள் முழுதும் முள் குத்திய ஓட்டை, நடுவே மைக்கறை. "நான்காம் வகுப்பிலிருந்தே இவன் இப்படித்தான்," என்று பன்னிரண்டு மதிப்பெண் போட்டாள். பாவம் பார்த்துப் பத்துக் கொட்டை கொடுத்தாள்.

முதல் மழை விழுந்த அன்றே ஏழு நிறுவனங்களும் மூடின. ஏழின் முகவரியும் ஒரே குகை. குகைக்காரன் நரி, கையெழுத்துப் போட்டியில் அவள் கையாலேயே பரிசு வாங்கியவன். இரண்டு பெஞ்சு தள்ளிக் காப்பியடித்தாலும் பிடித்துவிடும் கண்ணுக்கு முன்னே, ஒருவனே ஏழு தாள் எழுதிக் கொடுத்திருந்தான்.

குகை காலி. சுவரில் ஓர் அறிவிப்பு மட்டும்: 'மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு வணக்கம். நிறுவனங்கள் நொடித்துவிட்டன.' ஓரம் சரியாக விட்டிருந்தது. கை பழக்கத்தில் அதன் கீழ் 'நன்று' என்று எழுதிவிட்டாள்.

ஒழுகும் பொந்தில் அவள் நனைந்துகொண்டிருந்தபோது முள்ளம்பன்றி வந்து ஓர் இலைப் பொட்டலத்தை நீட்டியது.

"உங்க பத்து, டீச்சர். வட்டி ஒண்ணு. ரசீது கோணலா இருக்கும், திட்டாதீங்க."

திட்டவில்லை. ஓரம் விட்டு மறுபடி எழுதச் சொன்னாள், அவ்வளவுதான். பொட்டலத்தை மரங்கொத்தியிடம் கொண்டுபோனாள்.

"இதுக்கு நாலு கொத்து கொத்தலாம், டீச்சரம்மா. பொந்து வராது."

நீதி: அழகாக எழுதுகிறவனிடம் சேமிப்பைக் கொடுக்காதே; அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நீ என்றால், முதலில் ஒரு குடை வாங்கு. திரும்பி வந்தது: பதினொரு கொட்டை, அதில் ஒன்று சொத்தை.