மாதா கோயில் மேட்டுப் பானெட் போராட்டம்

"சித்தி, எறங்குங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான உக்காந்திருக்கேன்."

பனி மூடிய மாதா கோயில் மேட்டின் உச்சியில், ஒரு பழைய பிக்கப் வண்டியிலிருந்து கழற்றி மல்லாக்கப் போட்ட பானெட்டில், லோரெட் திபோடோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பானெட்டின் மூக்கில் கட்டிய கயிறு கில்மன் கையில் இருந்தது. கில்மன் ஊர்க் காவலர். லோரெட்டுக்கு அக்கா மகன். லோரெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். செயின்ட் ஒடில் ஊரில் பாதிப் பேரை மூக்கொழுகிய வயசில் "ஒழுங்கா உக்காரு" என்று அதட்டியவள். கில்மனும் அந்தப் பாதியில் அடக்கம்.

"புது உத்தரவு சித்தி. மோட்டார் வண்டியோட உதிரிப் பாகத்துல ஏறிப் பொது எடத்துல சறுக்கக் கூடாதாம். கடைல அழகா பிளாஸ்டிக்ல சறுக்கு வண்டி விக்கிறாங்களே."

"அதுல நான் உக்காந்தா பாதி ஒடம்பு வெளிய கெடக்கும். இதுல ஆறு பேர் போலாம், நடுவுல சூப் சட்டியும் வெச்சுக்கலாம். போய் உன் நிர்வாகியம்மாகிட்ட சொல்லு."

கில்மனுக்கு வேறு வழி தெரியவில்லை. கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். பானெட்டின் அடியில் காலையில்தான் லோரெட் இரண்டு மெழுகுவத்தி தேய்த்திருந்தாள். அது அவன் காலை வாரிவிட்டுக் கிளம்பியது. லோரெட் பானெட் மேல், கில்மன் கயிற்றின் நுனியில் குப்புறப் படுத்தபடி, இருவரும் மேட்டின் அடிவாரம் வரைக்கும் போனார்கள். சறுக்க வரிசையில் நின்ற சனம் கைதட்டியது.

கில்மன் எழுந்து வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு, அப்படியும் பானெட்டைப் பறிமுதல் செய்தான். அந்த ஒரு விஷயத்தில் அவனை மெச்ச வேண்டும்.

லோரெட் ஈர பூட்ஸோடு நேராக ஊர் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். நிர்வாகி பிரிசில்லா ஹாலோவெல் தெற்கிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒல்லியான அம்மாள். கோபமே வராது. அதுதான் ஊருக்கு அவள்மேல் கோபம்.

"பானெட்டக் கண்டா ஒங்களுக்கு என்ன ஆகுது?" என்றாள் லோரெட்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க மிசஸ் திபோடோ. அநாதையா கெடக்குற பானெட் குப்பைன்னு சட்டம் சொல்லுது. வண்டி பக்கத்துலயே நின்னா அது குப்பை இல்ல, அந்த வண்டியோட பானெட். அப்ப நான் வாயத் திறக்க முடியாது." நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா ஓடாத வண்டிய அங்க வரைக்கும் யாரால கொண்டு வர முடியும்?"

"முடியாதுன்னு யார் சொன்னது?" என்றாள் லோரெட்.

வீட்டில் அவள் புருஷன் நோர்மன் பக்வீட் தானியத் தோசையில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எல்லா வீட்டையும் போல அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் செத்த வண்டிகள் பனிக்குள் படுத்திருந்தன. மொத்தம் நான்கு.

"டிராக்டர எடுங்க. ஸ்டேஷன் வேகன மேட்டடிக்கு இழுத்துட்டுப் போகணும்."

"அதையா? அத நான் ரிப்பேர் பண்ணலாம்னு இருக்கேன் லோரெட்."

"எப்ப?"

"வசந்தம் வரட்டும்."

"எந்த வசந்தம்னு கேக்கணும் போல இருக்கு. நீங்க டிக்கில ஒளிச்சு வெச்ச விஸ்கி பாட்டில நெனச்சுக் கவலப்படாதீங்க. அத போன வாரமே எடுத்து டாக்டர் வீட்டுக்கு அன்பளிப்பா குடுத்துட்டேன்."

நோர்மன் எழுந்து டிராக்டர் சாவியைத் தேடினார்.

வேகன், அந்த நீளமான பழைய கார், வந்து மேட்டடியில் நின்றது. லோரெட் ஸ்பானரோடு குனிந்து பானெட்டைக் கழற்றினாள். கட்டில் மாதிரி அகலம். கில்மன் ஓடி வந்தான்.

"இதோ வண்டி. இதோ அதோட பானெட்," என்றாள் லோரெட். "கைய எடு."

கில்மன் வண்டியைப் பார்த்தான், பானெட்டைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அன்றைக்கு அந்தப் பானெட்டில் லோரெட்டும், தேவாலயப் பாட்டுக் குழுவிலிருந்து ஐந்து பெண்களும் சறுக்கிய சறுக்கலில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா வரைக்கும் கூச்சல் கேட்டதாகச் சொன்னார்கள். கீழே வந்து நின்றபோது லோரெட்டின் ஒரு பூட்ஸைக் காணவில்லை. அவள் தேடவில்லை. ஒற்றைக் காலில் நின்று, ஊர் அலுவலகத்து ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். ஜன்னலிலிருந்து நிர்வாகி காப்பிக் கோப்பையை உயர்த்தி பதில் மரியாதை செய்தாள். லோரெட்டுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது.

மறுநாள் ஆளுக்கொரு வண்டி வந்தது. உருளைக்கிழங்கு வயல் டிராக்டர்களுக்குக் குளிர்காலத்தில் வேறு என்ன வேலை? கதவில்லாத வண்டி, சக்கரமில்லாத வண்டி, உள்ளே மரம் முளைத்த வண்டி. ஒன்றின் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

நிர்வாகி மேலங்கியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்து பார்த்தாள்.

"பரவாயில்லையே. ஆனா லெவெக் அண்ணன் தம்பிங்க வண்டி மட்டும் வராதுன்னு பேசிக்கிறாங்க. தோட்டத்துல ஒரு மந்தையே இருக்காமே, பனில ஒறஞ்சு போயிருச்சாம்."

"யார் பேசிக்கிறது?" என்றாள் லோரெட்.

சாயங்காலத்துக்குள் லெவெக் சகோதரர்கள் இரும்புக் கடப்பாரையால் பனியை உடைத்து ஏழு வண்டிகளை இழுத்து வந்துவிட்டார்கள். தம்பிக்காரனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "ஒரு கொள்கைக்காகப் பிடிச்ச இடுப்பு," என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

இப்போது வேறு தொல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை. சாமியாரே தன் காரை எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்து, கோயில் வாசலில் பொத்தென்று விழுந்தார்.

"லோரெட்," என்றார் சாமியார், எழுந்திரிக்காமலே. "நீ சுதந்திரத்துக்காகப் போராடுற, நல்லது. ஆனா மோட்சத்துக்கு வர்றவங்களுக்கும் கொஞ்சம் வழி விடும்மா."

நிர்வாகி அதற்கும் ஒரு யோசனை சொன்னாள். மேட்டின் மறுபக்கம் ஊராட்சி மணல் கொட்டும் மைதானம் காலியாகத்தான் கிடக்கிறது. வேண்டுமானால் வண்டிகளை அங்கே வரிசையாக நிறுத்திக்கொள்ளலாம். ஊரே இதை வெற்றி என்று கொண்டாடியது. "எறங்கி வந்துட்டா பாத்தியா," என்று நோர்மன்கூட சொன்னார். வண்டிகள் எல்லாம் மைதானத்துக்குப் போய் அணிவகுத்து நின்றன.

அந்த வெற்றி சனிக்கிழமை வரைக்கும்தான் நிலைத்தது. அன்று காலை கில்மன் மைதானத்துக் கம்பத்தில் ஒரு அறிவிப்பை ஆணியடித்தான். அடித்துவிட்டு, சித்தியின் முகத்தைப் பார்க்காமல் படித்தான். ஞாயிறு மாலைக்குள் எடுக்காத வண்டிகள் ஊராட்சிக்கே சொந்தமாகிவிடும்.

கூட்டம் முணுமுணுத்தது. சிலர் டிராக்டரை நோக்கி நகர்ந்தார்கள். லோரெட் தன் வேகனின் கூரைமேல் ஏறி நின்றாள். இரண்டு காலிலும் வேறு வேறு பூட்ஸ்.

"நில்லுங்க. இதுதான் அந்தம்மா எதிர்பாக்குறது. பயந்து போய் ஆளாளுக்கு வண்டிய வீட்டுக்கு இழுத்துட்டுப் போவோம், மேடு காலியாயிரும், அவ ஜெயிச்சிருவா. ஒருத்தரும் எடுக்காதீங்க. இத்தன வண்டிய அவ என்ன பண்ணுவா? தலைல தூக்கிட்டுப் போவாளா?"

"அது சரிதான்," என்றான் இடுப்புப் பிடித்த லெவெக்.

"எவனாவது வண்டிய எடுத்தான், அவன் புள்ள என் பஸ்ல ஏற வேண்டாம். நடந்து போகட்டும்."

ஒருவரும் எடுக்கவில்லை. அடைகாத்த கோழியையும் இதற்குள் பொரிந்திருந்த குஞ்சுகளையும் மட்டும் அதன் சொந்தக்காரி கூடையில் வைத்துக் கொண்டுபோனாள். ஞாயிறு மாலை லோரெட்டும் நோர்மனும் மைதானத்து ஓரம் நின்று அந்த வரிசையைப் பார்த்தார்கள். ஒரு வண்டி குறையவில்லை. தன் வாழ்நாளில் இந்த ஊர் ஒரே பேச்சில் நின்று அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, லோரெட் காலி பஸ்ஸை மைதானத்துப் பக்கம் திருப்பினாள். அங்கே பளு தூக்கியும் நசுக்கு இயந்திரமும் பூட்டிய ராட்சத லாரி ஒன்று நின்றது. நோர்மனின் ஸ்டேஷன் வேகன் ஏற்கெனவே ஒரு தலையணை அளவுக்குச் சப்பையாகியிருந்தது. வெளியூர் டிரைவர் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, அறிவிப்பு அடிச்சதே முந்தாநாள்தான்," என்றாள் லோரெட். "அதுக்குள்ள ஒன்ன யார் கூப்பிட்டது?"

"முந்தாநாளா?" என்றான் அவன். "அந்த நிர்வாகியம்மா அக்டோபர்லயே போன் பண்ணிட்டாங்களேக்கா. 'கொல்லைக்குக் கொல்லை செத்த வண்டி கெடக்கு, கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்க மாட்டாங்க, பனி விழட்டும், அவங்களே வீம்புக்கு இழுத்துட்டு வந்து வரிசையா நிறுத்துவாங்க, நீங்க பிப்ரவரி கடைசில வந்தாப் போதும்'னாங்க."